வெளியே போகும் ஜிபி

சிம்மக்கல்லில் விசேஷ வீடியோ எடுக்கும் கடையொன்றின் கிளவுட் கணக்கை நான்தான் பார்த்துவந்தேன். வீடியோவை ஏற்றுவதற்குக் கட்டணம் கிடையாது. யாராவது பார்த்தால் வெளியே போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் பில் ஏறும். ஒரு மாதம் பில் எகிறிவிட்டது. வாடிப்பட்டிக் காதுகுத்து வீடியோ ஒன்று, ஒரே போனில், மாதம் முழுக்க ஓடியிருந்தது. எவனோ விளையாடுகிறான் என்று எரிச்சலில் யாரையும் கேட்காமல் முடக்கினேன். முதலாளி முதுகில் தட்டினார், நானும் இளித்தேன்.

மறுநாள் ஒரு பெண் போன் செய்தார்.

“அண்ணே, பாப்பா செத்து ரெண்டு மாசமாச்சு. மாமன் மடியில உக்காந்து அழுகுற சத்தம் அதுல மட்டுந்தான் இருக்கு. இப்ப வரமாட்டேங்குது.”

உடனே திறந்துவிட்டேன். பில் மறுபடி ஏறியது. அடுத்த மாதம் தானாகவே இறங்கியது. ஏன் என்று கேட்க, அந்த எண்ணை நான் இன்றுவரை அழைக்கவில்லை.