வசந்தாமணியின் சனிக்கிழமைகள்

ஹவாய்க்கு மாற்றல் என்று சொன்னபோது டெக்ஸாஸின் பிளானோவில் யாரும் வசந்தாமணிக்காக வருத்தப்படவில்லை. கோயிலில் பார்த்தவர்கள், "யாருக்குங்க கிடைக்கும் இந்த சான்ஸ்? நாங்கெல்லாம் வெக்கேஷனுக்கு உங்க வீட்டுக்குத்தான் வருவோம், பாத்துக்கங்க" என்று சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். காரில் ஏறிய பிறகு, பின்சீட்டில் மகள் பிரீத்தி பெல்ட் போட்டாளா என்று திரும்பிப் பார்த்தவள், கணவர் நஞ்சப்பன் வண்டியை எடுக்கும் வரை முன்னால் திரும்பாமலே இருந்தாள். பிரீத்திக்கு அப்போது ஏழு வயது நடந்துகொண்டிருந்தது.

அது 2006 ஜனவரி. வீட்டில் சம்பாதிப்பவள் வசந்தாமணி மட்டும்தான். நான்கு வருடங்களுக்கு முன்பு பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனில் தொலைத்தொடர்புக் கம்பெனிகள் கூட்டம் கூட்டமாக ஆட்களை வெளியே அனுப்பியபோது நஞ்சப்பனுக்கும் வேலை போனது. அன்றிலிருந்து அவர் மனைவியின் விசாவில் இருந்தார்; அந்த விசாவில் வேலை பார்க்கக் கூடாது. சமையல், ஸ்கூல், துணி எல்லாம் அவர் கைக்கு வந்தன. கிரீன் கார்டு மனு வசந்தாமணியின் கம்பெனி வழியாகப் போயிருந்தது. வேலை போனால் மனுவும் போகும்.

அந்தக் கம்பெனிக்கு ஹவாயின் பெரிய தீவில் ஒரு வாடிக்கையாளர். அவர்களுடைய தொலைத்தொடர்புக் கருவிகள் நின்றால் போய்ப் பார்க்க ஓர் ஆள் அங்கேயே இருக்க வேண்டும். மாதத்தில் ஒன்றிரண்டு நாள்தான் அந்த வேலை. மற்ற நாட்களில் வீட்டிலிருந்தபடியே ரிச்சர்ட்சன் டீமோடு இன்டர்நெட்டில் வேலை. "ஆறு மாசம்தான்" என்றார் மேனேஜர். முடியாது என்று சொல்லும் நிலையில் அவள் இல்லை. பிரீத்தியின் பள்ளிக்கூடத்தைப் பாதியில் நிறுத்தி மூவரும் போவதென்பதும் ஆகிற காரியமாக இல்லை.

ஹிலோ என்ற ஊரில் போய் இறங்கினாள். அங்கே பெரும்பாலும் மழை. ரிச்சர்ட்சன் ஆட்களோடு ஒத்துப்போக விடியற்காலை நாலு மணிக்கு லேப்டாப்பைத் திறந்தால் மதியம் ஒரு மணிக்கு வேலை முடிந்துவிடும். அதன் பிறகு என்ன செய்வது என்று தெரியாது. பிளானோவில் அந்த நேரத்தில் பிரீத்தி ஸ்கூலிலிருந்து வந்து பால் குடித்து முடித்திருப்பாள். வசந்தாமணி போன் போடுவாள்.

"சாப்ட்டியா சாமி?"

"யெஸ்."

"ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?"

"நத்திங்."

"அம்மாகிட்ட எதாச்சும் சொல்லு கண்ணு."

"ஓகே. பை."

முதல் மாதம் பத்து நிமிடம் பேசிய குழந்தை மூன்றாவது மாதம் ஒரு நிமிடம் பேசியது. நஞ்சப்பன் பின்னாலிருந்து "பேசு பாப்பா, அம்மா பாவம்ல" என்று சொல்வது போனில் கேட்கும். அந்தப் 'பாவம்' அவளை என்னவோ செய்தது.

ஏப்ரலில் சந்தையில் நாகமணியைச் சந்தித்தாள். ஒரு பிலிப்பினோ அம்மாள் முருங்கைக்கீரை விற்றுக்கொண்டிருந்தாள். வசந்தாமணி ஒரு கீரைக்கட்டை எடுத்துத் திருப்பிப் பார்க்கையில் பக்கத்திலிருந்து, "அது முத்தல். அடில இருக்கு பாரு, அத எடு" என்று தமிழில் ஒரு குரல். விருதுநகர்க்காரி, ஐம்பது வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவள். கலிபோர்னியாவில், பே ஏரியா கம்பெனி ஒன்றுக்கு மென்பொருள் கையேடுகள் எழுதுகிறாள். வீட்டிலிருந்து செய்யும் வேலைதானே, எந்த வீடாக இருந்தால் என்ன என்று கேட்டு அனுமதி வாங்கி மூன்று வருடங்களுக்கு முன்பே இங்கே வந்துவிட்டவள். பழைய பிக்கப் டிரக் ஒன்று வைத்திருந்தாள். சனிக்கிழமை வந்தால் வீட்டில் இருக்க மாட்டாள்.

"வர்றியா? சவுத்ல கறுப்பு மணல் பீச் இருக்கு. ஆமை வெயில் காயும். சாயங்காலம் வந்துரலாம்."

"இல்லீங்கக்கா. என் பொண்ணு அங்க இருக்கா. நான் இங்க ஊர் சுத்திட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?"

"வீட்ல உக்காந்திருந்தா மட்டும் பொண்ணு வந்துருமா?" என்றாள் நாகமணி. கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

வசந்தாமணி போனாள். மறுநாள் போனில், பேச ஒன்றும் கிடைக்காமல், ஆமையைப் பற்றிச் சொன்னாள். கல் என்று நினைத்துப் பக்கத்தில் போனது, அது கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது, மணல் கரித்தூள் மாதிரி உள்ளங்காலில் ஒட்டியது.

"தென் வாட்?" என்றாள் பிரீத்தி.

அப்படி அவள் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போனார்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு, பிளானோவில் மதியம் பன்னிரண்டு, போன். எரிமலைப் பள்ளத்தின் ஓரத்தில் நின்றால் தரையிலிருந்து ஆவி வருவதையும், கம்பளி மாதிரி பாசி படர்ந்த கறுப்புப் பாறைகளையும் சொன்னாள். குளிர்காலத்தில் மலை உச்சியில் பனி விழுமாம், ஆட்கள் அதை டிரக்கில் அள்ளிக்கொண்டு வந்து கடற்கரையில் பொம்மை செய்வார்களாம் என்று நாகமணி சொன்னதையும் சொன்னாள். பிரீத்தி நம்பவில்லை. "நோ வே" என்றாள். டிரக்கில் வரும்போதே பனி உருகாதா என்று அரைமணி நேரம் விசாரணை நடந்தது. ஆறு மாதம் என்றது ஒரு வருடம் என்று ஆனபோதும் வசந்தாமணி தாங்கிக்கொண்டது இந்த ஞாயிற்றுக்கிழமைகளால்தான். பார்க்கும் எதையும் மகளுக்குச் சொல்ல எடுத்து வைத்துக்கொள்வாள். ஒரு நல்ல இடத்தில் நின்றால், இதை எப்படி ஆரம்பிப்பது என்றுதான் முதலில் யோசிப்பாள்.

அக்டோபரில் தீவின் வடக்கே வைமியா என்ற ஊருக்குப் போய் ஒரு சிறிய விடுதியில் தங்கினார்கள். குளிர்ந்த ஊர். மேய்ச்சல் நிலம், குதிரைகள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு வராந்தாவில் நின்று போன் போட்டாள்.

"இங்கயும் கௌபாய் இருக்காங்க சாமி, உங்க டெக்ஸாஸ் மாதிரியே. ஒருத்தர் டோநட் கடைக்கு வெளிய குதிரையக் கட்டிப்போட்டுட்டு உள்ள போறாரு."

"வாட் கலர் ஹார்ஸ்?"

அவள் வாயைத் திறந்தாள். காலடியில் லாரி ஓடுவது போல ஒரு சத்தம். வராந்தாத் தூண் ஆடியது. உள்ளே கண்ணாடிப் பாத்திரங்கள் வரிசையாக விழுந்து உடைந்தன. "ஐயோ" என்று கத்தியது தன் குரல்தான் என்று அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. போன் கைநழுவிக் கல்லில் விழுந்து பேட்டரி தனியாகப் போனது. நாகமணி இரவு உடையோடு ஓடிவந்து அவள் கையைப் பிடித்துப் புல்வெளிக்கு இழுத்தாள். நிலநடுக்கம் நின்றதும் வசந்தாமணி ஓடிப்போய்ப் போனைப் பொறுக்கினாள்.

பேட்டரியைப் பொருத்தினாள். சிக்னல் இல்லை. தீவு முழுக்க மின்சாரம் போயிருந்தது. ஹிலோ போகும் சாலையில் பாறை விழுந்திருப்பதாகச் சொன்னார்கள். டிரக்கில் உட்கார்ந்து மறுபடி மறுபடி நம்பரை அழுத்தினாள். "என் சத்தத்தக் கேட்டுட்டா அக்கா. கத்தினதக் கேட்டுட்டா. அதுக்கப்புறம் ஒண்ணும் கேட்டிருக்காது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நாகமணி போன் வேலை செய்கிற இடம் தேடி ஒவ்வொரு தெருவாக ஓட்டினாள். மதியம் ஒரு கடை வாசலில் வேலை செய்கிற பொதுத் தொலைபேசி கிடைத்தது. நீண்ட வரிசை. இரண்டு மணிக்கு அவள் முறை வந்தது. பிளானோவில் ஏழு மணி. முதல் மணியிலேயே எடுத்தார் நஞ்சப்பன்.

"வசந்தா?"

"நான்தானுங்க. எனக்கு ஒண்ணுமில்லீங்க."

பிறகு போன் கைமாறியது.

"அம்மா." பிரீத்தி எப்போதும் இங்கிலீஷில்தான் பதில் சொல்வாள். அன்று ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தமிழில் சொன்னாள். "நீ வெளிய போகாத. சாட்டர்டே வீட்ல இரு. ப்ராமிஸ் பண்ணு."

பின்னால் வரிசை நின்றிருந்தது. "ப்ராமிஸ் சாமி" என்றாள் வசந்தாமணி.

சொன்னபடி இருந்தாள். சனிக்கிழமை நாகமணியின் டிரக் வாசலில் வந்து நிற்கும். கதவருகில் நின்றே வரவில்லை என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். ஞாயிறு காலை, "வாட் டிட் யூ டூ?" என்று பிரீத்தி கேட்பாள். "துணி துவச்சேன் சாமி." "ஓகே." சில வாரங்களில் பேச்சு மறுபடி ஒரு நிமிடத்துக்கு வந்தது. குழந்தைக்கு நிம்மதி கிடைத்துவிட்டது, கதை போய்விட்டது. இரண்டையும் சேர்த்துக் கொடுக்க அவளிடம் வழியில்லை.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, பால் வாங்கத்தான் காரை எடுத்தாள். கடையைத் தாண்டிப் போனாள். மழை விட்டது. எரிமலைச் சாலையில் ஏறி, அடுத்த பக்கம் இறங்கி, இரண்டு மணி நேரத்தில் தீவின் தெற்கு முனைக்கு வந்துவிட்டாள். அதற்கு மேல் நிலம் இல்லை. காற்று ஓயாமல் அடித்து மரங்களெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து வளர்ந்திருந்தன. பாறை விளிம்பில் சிலர் தூண்டில் போட்டிருந்தார்கள். அவள் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சாப்பாடு எதுவும் கொண்டுவரவில்லை. பசிக்கவும் இல்லை. வெயில் சாயும் வரை அங்கேயே இருந்தாள்.

திரும்பி வரும்போதுதான் உறைத்தது: அந்த நாள் முழுக்க, பிரீத்தியிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவள் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. காரை ஓரமாக நிறுத்தி அழுதாள். மறுநாள் போனில், "துணி துவச்சேன் சாமி" என்றாள்.

அடுத்த மாதமும் போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள். பிப்ரவரியில் ஒரு வேலைநாள், பிரீத்தி ஸ்கூலில் இருக்கும் நேரமாகப் பார்த்து நஞ்சப்பனைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்."

"சொல்லு."

"பாப்பாகிட்ட பொய் சொல்லிட்டு இருக்கேனுங்க. சனிக்கிழமை வெளிய போறேன். யாருக்காகவும் இல்ல, எனக்காகத்தான் போறேன். உங்க ரெண்டு பேர் நெனப்பும் இல்லாம ஒரு நாள் முழுசா இருந்திருக்கேன்."

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தாள்.

"நானும் போறேன் வசந்தா" என்றார். "பாப்பாவ ஸ்கூல்ல விட்டுட்டு டோல்வே ரோட்ல ஏறிருவேன். வடக்க போய்ட்டே இருப்பேன். ஒரு எடத்துல ரோடு முடிஞ்சிரும். புதுசா போட்டுட்டு இருக்காங்க, ஆரஞ்சு டிரம் வெச்சு அடைச்சிருக்கும். அதைப் பாத்துட்டுத் திரும்பிருவேன். மூணு மணிக்கு ஸ்கூல் வாசல்ல நிக்கோணுமில்ல."

"எதுக்குங்க போறீங்க?"

"தெரியல. காரு நேராப் போய்ட்டே இருந்தாப் பரவால்லன்னு தோணும்."

இருவரும் வெகுநேரம் போனை வைக்கவில்லை. பதின்மூன்று வருடக் கல்யாணத்தில் அவரை அவ்வளவு அருகில் அவள் உணர்ந்ததில்லை. அன்று அவர் பக்கத்தில் இருக்க வேண்டும் போலிருந்தது. நடுவில் பாதிப் பசிபிக் கடலும் பாதி அமெரிக்காவும் கிடந்தன.

அந்த வாரமே பிரீத்தியிடம் உண்மையைச் சொன்னாள். பிரீத்தி "ஐ நோ" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்கும் தைரியம் வசந்தாமணிக்கு வரவில்லை.

ஒரு வருடம் என்றதும் ஒன்றரை வருடத்தைத் தாண்டி, 2007 ஆகஸ்டில் பிளானோவுக்குத் திரும்பினாள். விமான நிலையத்தில் பிரீத்தி அப்பாவின் பின்னால் ஒதுங்கி நின்றாள். தோள் உயரம் வளர்ந்திருந்தாள். முதல் சில வாரங்கள் தூக்கம் வந்தால் அப்பாவைத்தான் தேடிப் போனாள். பிறகு மெல்லச் சரியானது. அந்த வருடக் கடைசியில் கிரீன் கார்டு மனு நகர்ந்து நஞ்சப்பனுக்கு வேலை செய்யும் அனுமதி வந்து, ரிச்சர்ட்சனிலேயே ஒரு டெஸ்டிங் லேபில் சேர்ந்தார். வேண்டியதெல்லாம் நடந்தது. இதைத்தான் அவள் கேட்டாள்.

ஆனால் சனிக்கிழமை காலையில் அவளுக்குள் ஒன்று எழுந்து உட்கார்ந்துகொள்ளும். நீச்சல் வகுப்பு, மளிகைக் கடை, யார் வீட்டிலாவது பிறந்தநாள். எல்லாச் சாலையும் தட்டை. கையில் ஷாப்பிங் வண்டியோடு நிற்கும்போது அந்தத் தெற்கு முனைக் காற்று முதுகில் படுவது போலிருக்கும். யாரிடம் சொல்வது? பிள்ளையைப் பிரிந்திருந்த நாட்களுக்காகவா ஒருத்தி ஏங்குவாள்?

2009 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை நாகமணி போன் செய்தாள். கம்பெனி வெளியூரில் இருந்து வேலை பார்த்தவர்களையெல்லாம் வேலையை விட்டு அனுப்பிவிட்டதாம். தம்பியோடு கலிபோர்னியாவில், ஃப்ரீமான்டில் இருக்கப் போகிறாள்.

"டிரக்க வித்துட்டேன் வசந்தா. எடுத்துட்டுப் போனவன் கேட்டான், இவ்ளோ மைல் எப்படி ஓட்டினீங்கன்னு. இந்தச் சின்னத் தீவுல."

"நீங்க என்ன சொன்னீங்கக்கா?"

"சனிக்கிழமைன்னு சொன்னேன். அவனுக்குப் புரியல."

அந்தத் தீவில் இனி அவளுக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. வசந்தாமணி போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்றாள். கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்த நஞ்சப்பன் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க, நான் கொஞ்சம் வெளிய போய்ட்டு வரட்டுங்களா? தனியா."

"எங்க?"

"தெரியலீங்க."

அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, கார் சாவியை எடுத்துக் கொடுத்தார். "தண்ணி பாட்டில் எடுத்துக்க. பாப்பாவ நாலு மணிக்கு பர்த்டே பார்ட்டிலிருந்து கூட்டிட்டு வரோணும், நான் போகட்டா?"

"இல்லீங்க. நானே போறேன்."

கிழக்கே ஓட்டினாள். முக்கால் மணி நேரத்தில் ஓர் ஏரி வந்தது. செம்மண் கலங்கிய, அசையாத தண்ணீர். மடக்கு நாற்காலி போட்டு ஓர் ஆள் மீன் பிடித்துக்கொண்டிருந்தார், தலையசைத்தார். அவளும் தலையசைத்தாள். கரையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்தாள். இது அது இல்லை என்று நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் எழுந்துகொள்ளத் தோன்றவில்லை. மூன்றேகால் மணி வரை இருந்துவிட்டு, பிரீத்தியைக் கூட்டிவரக் கிளம்பினாள்.