கறுப்புப் பஞ்சு

எங்கள் கேளம்பாக்கம் ஃப்ளாட்டில் மீன்தொட்டி வைத்தது என் வீட்டுக்காரர். தொட்டி, கல், பஞ்சு வைத்த ஃபில்டர், ஆறு தங்கமீன் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி, அன்றைக்கே தண்ணீர் ஊற்றி, அன்றைக்கே மீனையும் விட்டார். அந்த மனிதருக்குப் பொறுமை கிடையாது.

மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. ஒன்று செத்ததும் தொட்டியைக் கவிழ்த்து, பைக் கழுவுவது போலக் கழுவுவார். பஞ்சைச் சோப்புப் போட்டுப் பிழிவார். தொட்டி பளபளக்கும். அடுத்த மீன் சாகும்.

ஐந்தாவது மீன் செத்த அன்று அவருடைய அக்கா வந்திருந்தார்.

“நல்லதும்மா. வூட்டுக்கு வர இருந்த கெட்டத அது வாங்கிக்கினு போயிடுச்சி.”

“அஞ்சு மீனு போயிடுச்சி அண்ணி. அவ்ளோ கெட்டதா எங்க வூட்டுக்கு வருது?”

“உன் வாய்க்கே பத்து மீனு வேணும்மே,” என்றார் வீட்டுக்காரர். இருவரும் சிரித்தார்கள். “இதுவும் போனா தொட்டியப் பரண் மேல ஏத்திடலாம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிச்சமிருந்தது ஒன்று. தலையில் சிவப்புப் பொட்டு வைத்த வெள்ளை மீன். நான் சோபாவில் உட்கார்ந்தால் கண்ணாடியோரம் வந்து நிற்கும். இப்போது தண்ணீரின் மேலே வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. எங்கள் கெட்டதை வாங்கிக்கொண்டு சாக அது இங்கே வரவில்லை.

பொத்தேரியில் என் ஆபீசிலும் ஒரு தொட்டி உண்டு. வருஷக்கணக்காக அதே மீன்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் கணக்குப் பிரிவு அக்காவிடம் கேட்டேன்.

“பஞ்சுக்கு சோப்பா? மொதல்ல உன் வூட்டுக்காரர சோப்பு போட்டுக் கழுவு! மீனு மூத்திரம் பேயறது அந்தத் தண்ணிலதான? அந்த விஷத்தத் தின்ற கிருமி பஞ்சுலதான் வளரும். புதுத் தொட்டில அது வளரவே நாளாவும். வளர வுடாம கழுவிக்கினே இருந்தா மீனு இன்னா பண்ணும்?”

சொல்லிவிட்டு, ஆபீஸ் தொட்டியின் கறுப்புப் பஞ்சில் பாதியை வெட்டி, அந்தத் தண்ணீரோடே கவரில் போட்டுக் கொடுத்தார்.

ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பொத்தினாள். “இன்னாக்கா நாத்தம்? கருவாடா?”

“மருந்து,” என்றேன்.

வீட்டில் அவர் குதித்தார். “குப்பையக் கொண்டாந்து தொட்டில போடறியே!”

“யோவ், கைய வெச்ச, ஒடச்சிடுவேன்.”

பஞ்சை ஃபில்டருக்குள் திணித்தேன். தீனியை ஒரு சிட்டிகையாகக் குறைத்தேன். தினமும் கொஞ்சம் தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டு, பக்கெட்டில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை ஊற்றினேன். வேறு எதற்கும் யாரையும் தொட்டிப் பக்கம் விடவில்லை. மீன் முதலில் வாயை மூடியது. பிறகு கீழே இறங்கியது. ஒரு நாள் காலையில் நான் உட்கார்ந்ததும் கண்ணாடியோரம் வந்து நின்றது. ஹாலே அதிரக் கத்தினேன்.

அதற்குப் பிறகு அண்ணி வந்தார். “இன்னும் உசுரோட கீதா அது?”

“கீது அண்ணி. இனிமே கெட்டது எதனா வந்தா நாமளே வாங்கிக்க வேண்டியதுதான்.”

அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். “பஞ்சு இன்னாடா இவ்ளோ அழுக்கா கீது? குடு, கழுவித் தரேன்.”

வீட்டுக்காரர் சோபாவிலிருந்து எகிறினார். “யக்கா! அதத் தொடாத!”

அவர் எகிறிய இடத்தில் நான் சாய்ந்து உட்கார்ந்தேன்.