வேண்டாம் என்று மன்றாடிய படிப்பு

போன தவக்காலத்தில் என் தம்பி சூசைக்குக் கால் இரண்டும் விழுந்துவிட்டன. சங்கு குளிக்கப் போனவன், கரையேறியதும் தோள் வலிக்கிறது என்றான். கொஞ்ச நேரத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை என்றான். அவனுக்குச் சின்னஞ்சிறு பிள்ளைகள். அவனைக் காப்பாற்ற ஆண்டவர் பிடித்த வழியை நினைத்தால் எனக்கு அழுகையும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. அந்த வழியை வேண்டாம் என்று முழங்காலில் நின்று மன்றாடியவளே நான்தான்.

நான் தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வயது. அதற்கு முந்தின கிறிஸ்துமஸ் நெருங்கும்போது, அவசரப் பிரிவில் இருக்கிற எல்லாரும் புதிதாகப் படித்துப் பரீட்சை எழுத வேண்டும் என்றார்கள். பாடம் ஆங்கிலத்தில், பரீட்சை கம்ப்யூட்டரில். "என் பேரை மட்டும் எடுத்துவிடும் தாயே" என்று தினமும் மாதாவிடம் செபமாலை சொன்னேன். மாதா காதிலேயே வாங்கவில்லை. வகுப்பில் முதல் வரிசையில் இடம் கிடைத்ததுதான் மிச்சம்.

கூட வேலை பார்க்கும், எங்கள் மாவட்டத்து நாசரேத் ஊர்ப் பிள்ளை ஜெபா என்னை விடவில்லை. "துள்ளுற பிள்ளைக்கே நரம்பு பிடிச்சு ஊசி போடுதீங்க. இந்த மவுசைப் பிடிக்க ஏன்க்கா நடுங்குதீங்க?" என்பாள். மதியச் சாப்பாட்டு வேளையில் பாடத்தைத் தமிழில் சொல்லித் தருவாள். அதில் ஒரு பாடம், கடலில் மூழ்குகிறவர்களுக்கு வரும் நோய். ஆழத்திலிருந்து வேகமாக ஏறினால் உடம்புக்குள் காற்றுக் குமிழி கட்டும், கால் விழும். எங்கள் கடற்கரை ஆட்கள் இதை வாயு என்று எண்ணெய் போட்டு நீவுவார்கள். இல்லையென்றால் ஆளை மறுபடி ஆழத்தில் இறக்குவார்கள், சிலருக்கு வலியும் குறையும். ஆனால் அதில் உயிரே போகலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். பரீட்சையிலும் தேறிவிட்டேன்.

சூசைக்கு இப்படி ஆன அன்று எனக்கு விடுமுறை. சேதி கேட்டுக் கரைக்கு ஓடினால், அவனைத் திரும்பப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"பயப்படாத தாயி, கீழ இறக்கி எடுத்தா சரியாயிரும். நாங்க பாக்காததா?" என்றார் படகுக்காரச் சம்மாட்டி.

"வேண்டாம் அண்ணாச்சி! இப்பம் இறக்கினா பிள்ளைய உயிரோட ஏத்த மாட்டீங்க. ஆக்சிஜன்தான் வேணும். மல்லாக்கப் படுக்க வைங்க!"

சம்மாட்டியிடம் அதற்கு முன் நான் குரல் உயர்த்தியதே இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "ஏலே, லோடு ஆட்டோவக் கொண்டாங்கல" என்றார்.

ஜெபாவுக்குப் போன் போட்டேன். "நான் படித்தது சரியாக இருக்க வேண்டும் ஆண்டவரே" என்பதுதான் வழியெல்லாம் என் செபம். நாங்கள் போய்ச் சேரும்போது அவள் ஆக்சிஜன் மாஸ்க்கோடு மருத்துவமனை வாசலில் நின்றாள். டாக்டர் பார்த்துவிட்டு, காற்றழுத்தத்தைக் கூட்டிக் குமிழியைக் கரைக்கும் அழுத்த அறை உள்ள ஊருக்கு, ஆக்சிஜனை நிறுத்தாமலே ஆம்புலன்ஸில் அனுப்பினார். அங்கே சூசையின் கால் விரல் அசைந்தது. நான் தேம்பி அழுதேன்.

குருத்தோலை ஞாயிறு பவனியில் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான். "ஒன் செபத்த மாதா கேட்டிருந்தா என் கதி என்னக்கா?" என்று இன்னமும் கேலி செய்கிறான். செய்யட்டும்.

அன்பானவர்களே, உங்கள் மன்றாட்டு கேட்கப்படவில்லை என்று மனம் உடைந்துவிடாதீர்கள். கேட்டதைவிடப் பெரியதை ஆண்டவர் தயார் செய்துகொண்டிருக்கலாம். அடுத்த மாதம் டயாலிசிஸ் பயிற்சி தொடங்குகிறது. நானே போய்ப் பேர் கொடுத்திருக்கிறேன். இப்போதும் தினமும் செபமாலை சொல்கிறேன்: "என் பேரை எடுத்துவிடாதேயும் தாயே."