தங்கை காத்திருந்த கப்பல்

போரில் யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதையை மூடிய பிறகு, என் தங்கை கொழும்புக்குப் போக ஒரு கப்பல்தான் மிஞ்சியிருந்தது. அவளுடைய இருதய வால்வை அங்கேதான் மாற்ற வேண்டும். ஒரு காலத்தில் வெளிநாட்டு உல்லாசப் பயணிகளை ஏற்றித் திரிந்த கப்பல் அது. கடற்படை அதை எடுத்து, வெள்ளைக்கு மேல் சாம்பல் நிறம் பூசி, துப்பாக்கிகள் பூட்டி, படையினரை ஏற்றியது. இடம் மிஞ்சினால் நோயாளிகளையும் ஏற்றும். பரிசோதனைக்கு ஒருமுறை தங்கை அதில் போய்வந்திருந்தாள்.

"சனம் ஆடின மண்டபம் அக்கா. மேல கண்ணாடி விளக்கு அப்பிடியே தொங்குது. கீழ ஆமிக்காரர் சப்பாத்தோட நித்திரை. கடல் அடிக்க அவையும் சத்தி எடுக்கினம், நாங்களும் சத்தி எடுக்கிறம்" என்று தொலைபேசியில் சிரித்தாள். சிரித்தாலே அவளுக்கு மூச்சு வாங்கும்.

சத்திரசிகிச்சைக்கு நாள் கிடைத்ததும், மொன்றியலில் எங்கள் கத்தோலிக்கத் தமிழ்ப் பூசையில் வாசிக்க ஒரு மன்றாட்டு எழுதிக் கொடுத்தேன். நானே எழுந்து வாசிக்கக் கூச்சம். தங்கையைப் பற்றி எழுதவும் கூச்சம். அந்தக் கப்பல் பத்திரமாகப் போய்ச்சேர வேண்டும் என்று மட்டும், அதன் பெயரோடு எழுதிவிட்டேன்.

பெயரை வாசித்ததும் கோயில் அடங்கிப்போனது. "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சுவாமியாரும் இரண்டொரு பேரும்தான் சொன்னார்கள். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பூசை முடிந்து வாசலில் ஒருவர், "நேவிக்காரனுக்கும் மன்றாடத் தொடங்கியிட்டமோ?" என்றார்.

"வாற கிழமை கிபிருக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்துவம்" என்றார் அவர் மனைவி.

அவர்களுடைய மகன் கிபிர் விமானக் குண்டுவீச்சில் போனவன். அது எனக்குத் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

கப்பல் வந்த நாளில், சென்ட் லோரன்ட்டில் வேலை செய்த தொழிற்சாலையின் மத்தியான இடைவேளையில் வீட்டுக்கு அழைத்தேன். அங்கே இரவு. தங்கையே எடுத்தாள்.

"நீ போகேல்லையே?"

"காயப்பட்ட ஆமிக்காரர் கனபேர் அக்கா. எங்களைப் பேந்து வரச் சொல்லிப்போட்டினம்."

"பேந்தெண்டால் எப்ப?"

"ஆருக்குத் தெரியும். வெயிலுக்க நிண்டது களைப்பாக் கிடக்கு. படுக்கப் போறன்."

வைத்தியசாலையில் வேறு நாள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் வீட்டில் இறந்துபோனாள். செத்தவீட்டுக்கு நான் போகவில்லை. கொழும்பு வரை விமானம் இருந்தது. அதற்கு அப்பால் போவதற்கும் அந்தக் கப்பல்தான்.