பாதரசம் இறங்கிய நாள்

எங்கள் வீட்டில் சில மாதங்கள் உப்பு இல்லாமல் இருந்தது. உப்பு வாங்க முடியாத அளவுக்கு நாங்கள் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை. அது அப்பாவின் உத்தரவு. அம்மாவுக்குப் பிரஷர் இருக்கிறது, பிரஷருக்கு உப்பு ஆகாது என்று தர்மபுரி டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு மட்டும் தனியாக ஆக்கினால் மற்றவர்கள் தட்டைப் பார்த்து அவளுக்கு ஆசை வந்துவிடும் என்று அப்பா தானாகவே முடிவுகட்டி, உப்புச் சாடியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுச் சித்தியிடம் கொடுத்துவிட்டு வந்தார். உப்பில்லாத கேழ்வரகுக் களியைத் தின்றவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சித்தி வீட்டில் நுழைந்து, எங்கள் சாடியிலிருந்தே ஒரு கல் உப்பை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டு வருவேன். அப்பாவும் அவ்வப்போது வந்து அதே வேலையைச் செய்துவிட்டுப் போனார் என்று சித்தி பிற்பாடு சொல்லிச் சிரித்தாள். ஒழுங்காகப் பத்தியம் இருந்தவள் அம்மா ஒருத்திதான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கடத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று மட்டும்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அது கர்ப்பப்பைக் கட்டி என்பதும், உதிரம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது என்பதும் நான் பெரியவளான பிறகு காதில் விழுந்தவை. மாதத்தில் பாதி நாள் அவள் சுவர் ஓரமாகப் படுத்துக் கிடப்பாள். எழுந்தால் வேலை செய்வாள், முடியாவிட்டால் மறுபடியும் போய்ப் படுத்துக்கொள்வாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. கடலைக்காய் பிடுங்கும்போது ஒருநாள் காட்டிலேயே சுருண்டு விழுந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அப்பா அவளைத் தர்மபுரிக்கு அழைத்துப்போனார். ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்துவிடலாம், ஆனால் பிரஷர் இறங்கினால்தான் கத்தி வைப்பேன் என்று டாக்டர் சொன்னார். அன்று தொடங்கியது எங்கள் அலைச்சல்.

எங்கள் ஊர்ப் பெண்கள் பொழுது விடியும் முன்னே ஓடைப்பக்கம் போய்விட்டு வந்துவிடுவார்கள். பிறகு பொழுது சாய்ந்து இருட்டினால்தான் மறுபடியும் போக முடியும். நடுவில் வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். காட்டிலாவது சோளத்தட்டு மறைவு, புதர் மறைவு என்று ஏதாவது கிடைக்கும். வெளியூர்ப் பயணம் என்றால் அதுவும் கிடையாது. அதனால் தர்மபுரிக்குப் போகும் நாளுக்கு முந்தின சாயங்காலத்திலிருந்தே அம்மா தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்வாள். என்னையும் குடிக்க விடமாட்டாள். துணைக்கு என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த வயதில் நான் யாருக்கு என்ன துணையாக இருந்திருக்க முடியும் என்பது வேறு விஷயம்.

முதல் பஸ்ஸில் நின்றுகொண்டே போவோம். இறங்கியதும் அப்பா முன்னால் வேகமாக நடப்பார். அம்மா வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு பின்னால் வருவாள். டாக்டர் வீட்டு முன்னறையில் எங்களுக்கு முன்பே ஊர் திரண்டு உட்கார்ந்திருக்கும். உச்சிப்பொழுது வரைக்கும் காத்திருக்க வேண்டும். அப்பா நடுநடுவே எழுந்துபோய் டீ குடிப்பார், டீக்கடைச் சந்துச் சுவர் ஓரமாக ஒதுங்குவார், பீடி பிடிப்பார், பிறகு வந்து "இன்னும் கூப்புடலையா?" என்பார். அம்மா உட்கார்ந்த இடத்தை விட்டு அசையமாட்டாள். முழங்கால்களை இறுக்கிச் சேர்த்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கண்களை மூடியிருப்பாள். பிரஷர் இருக்கிறவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே போனதும் டாக்டர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து நிறுத்துவார். அதில் கண்ணாடிக் குழாய். அம்மா ரவிக்கைக் கையை மேலே ஏற்றக் கூச்சப்படுவாள். அதன்மேலேயே பட்டையைச் சுற்றி, ரப்பர் உருண்டையை அவர் அமுக்க அமுக்கப் பாதரசம் குழாயில் மளமளவென்று ஏறும். அவர் கேள்வி கேட்பது அம்மாவை. பதில் சொல்வது அப்பா.

"ராத்திரி தூக்கம் வருதா?"

"நல்லாத் தூங்கறாளுங்க."

"தலை சுத்தல் இருக்கா?"

"அதெல்லாம் இல்லீங்க. உப்பு கண்ணுலயே காட்டறதில்லைங்க, வூட்டுல சாடியே கெடையாதுங்க."

டாக்டர் காதிலிருந்து குழாயை எடுத்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். இறங்கவில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார். மாத்திரையைக் கூட்டி எழுதுவார். மறுபடியும் வெயில், மறுபடியும் பஸ். மாத்திரை கூடக்கூட வீட்டில் அம்மாவுக்கு எழுந்து நின்றாலே கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு தடவை அடுப்புக்கு முன்னால் அப்படியே சாய்ந்துவிட்டாள். நல்லவேளை, நெருப்புப் பக்கம் விழவில்லை. இதையெல்லாம் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று அப்பாவுக்கு ஏனோ தோன்றவே இல்லை. மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டார்.

நான் சொல்ல வந்தது பங்குனி வெயிலில் நாங்கள் போன அந்தக் கடைசித் தடவையைப் பற்றி. அதற்குள் அம்மா பாதியாகிவிட்டிருந்தாள். பஸ்ஸிலிருந்து அவளால் இறங்கவே முடியவில்லை. அப்பா கையைப் பிடித்து இறக்கினார். ஊரார் பார்க்க அவர் அவளைத் தொட்டு நான் கண்டது அன்றுதான். இந்தத் தடவையும் பிரஷர் இறங்காவிட்டால் சேலத்துக்கோ பெங்களூருக்கோ கொண்டுபோகச் சொல்லுவார்கள், அதுவரைக்கும் இவள் தாங்கமாட்டாள் என்று முந்தின நாள் அவர் மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டிருந்தேன். அதனால் எனக்கும் பயமாக இருந்தது. அம்மா செத்துப்போனால் யார் தலை வாரிவிடுவார்கள் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பயத்தில்கூடப் பிள்ளைகளுக்குத் தங்கள் கவலைதான் முதலில் வருகிறது.

எங்கள் முறை வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. பட்டையைச் சுற்றினார்கள். பாதரசம் ஏறியது. டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டார். "போன மாசத்துக்கு இது இன்னும் ஜாஸ்தி. இப்படி இருந்தா நான் தொடவே மாட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடுங்க" என்றார். அப்பா எழுந்து நின்று கையைக் கூப்பினார். 

அந்த நேரம் பார்த்து அம்மா என் பக்கம் குனிந்து, "ஒண்ணுக்கு வருதுன்னு சொல்லு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. தண்ணீரே குடிக்காத எனக்கு எங்கிருந்து வரும்? அவள் முகத்தைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வேர்வை. "சொல்லுடி" என்று இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். கிள்ளிய வலியில், "எனக்கு ஒண்ணுக்கு வருது" என்று நான் அலறிவிட்டேன்.

அப்பா ஓங்கி ஒரு குட்டு வைத்தார். "எங்க வந்து என்ன பேசறதுன்னு இல்ல? இங்க மனுசன் உசுரு போவுது, கழுத!"

"அட, சின்னப் புள்ளைய ஏங்க அடிக்கறீங்க?" என்று நர்ஸம்மா குறுக்கே வந்தாள். "பின்னால எங்க கக்கூஸ் இருக்குதும்மா. கூட்டிட்டுப் போயிட்டு வாங்க."

பின்கட்டில் தகரக் கதவு போட்ட ஒரு சின்ன அறை. அம்மா என்னை வெளியே நிறுத்திவிட்டுத் தான் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. என்னைச் சொல்லச் சொல்லி, அடியும் வாங்கிக் கொடுத்துவிட்டு, இவள் போகிறாளே! தலையைத் தேய்த்துக்கொண்டு அழுதேன். வெகுநேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு முகத்தைக் கழுவினாள். பிறகு சொம்போடு வாயில் வைத்து, மார்புச் சேலை நனைய நனையக் குடித்தாள். துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அப்பா திட்டுவாரும்மா, வா" என்றேன்.

"திட்டட்டும். கொஞ்சம் உக்காந்துட்டு வரேன்."

அப்பாவைப் பற்றி அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருவரும் ஒன்றும் பேசவில்லை. நிழலாக இருந்தது, காற்று வந்தது. அவளுடைய மூச்சு மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்தது.

நாங்கள் திரும்பிப் போனபோது டாக்டர் இன்னொரு நோயாளியையும் பார்த்து முடித்துவிட்டிருந்தார். அப்பா கதவோரம் நின்று கண்ணீரோடு கெஞ்சிக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து தப்பிப்பதற்காகவோ என்னவோ, டாக்டர் அம்மாவை மறுபடியும் உட்காரச் சொல்லிப் பட்டையைச் சுற்றினார். பாதரசத்தைப் பார்த்தார். கண்ணாடியை விரலால் தட்டினார். அடுத்த கையில் சுற்றிப் பார்த்தார். "இப்ப நல்லா இறங்கியிருக்கே! முதல்ல பயந்துட்டாங்கபோல" என்றார். இரண்டு நாள் இங்கேயே படுக்க வைத்துப் பார்த்துவிட்டு ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். அப்பா தடாலென்று அவர் காலில் விழுந்துவிட்டார்.

அம்மா பிழைத்தாள். பேரப்பிள்ளைகளை எடுத்து வளர்க்கும் வரைக்கும் இருந்தாள். பிரஷர் இறங்கிய பெருமையை அவரவர் பங்கு போட்டுக்கொண்டார்கள். உப்புச் சாடியை அனுப்பியதால்தான் என்றார் அப்பா. முனியப்பனுக்குக் கிடா வேண்டிக்கொண்டதால்தான் என்றார் மாமா. தன் மாத்திரை என்று டாக்டர் நினைத்திருப்பார். அப்பாவின் கண்ணீரைப் பார்த்து டாக்டர் மனமிரங்கிக் குறைத்துவிட்டார் என்பது என் கட்சி. ரப்பர் உருண்டை அவர் கையில்தானே இருந்தது! அம்மா எதையும் மறுக்கவில்லை. விசேஷ வீடுகளில் சொந்தக்காரர்கள் கூடும்போதெல்லாம், அம்மா பொய் சொல்ல வைத்து எனக்குக் குட்டு வாங்கித் தந்த கதையை நான் நடித்துக் காட்டுவேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

அவள் போன பிறகு, எனக்கே பிரஷர் பார்க்க வேண்டிய வயதும் வந்தது. பட்டையை எடுத்த நர்ஸ் பெண், "பாத்ரூம் போயிட்டு வந்துட்டீங்களாம்மா?" என்று கேட்டாள். எதற்கு என்றேன். "அடக்கிக்கிட்டு உக்காந்தா ஏத்திக் காட்டும்மா. போயிட்டு வந்து, கொஞ்ச நேரம் பேசாம உக்காருங்க. அப்புறம் பார்க்கலாம்." அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டாள்.  அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அம்மாவுக்கும் இந்த விவரம் தெரிந்திருக்காது. பிரஷரை இறக்குவதற்காக அவள் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. உயிர் போகிற அவஸ்தை தாங்காமல் சொல்லச் சொன்னாள். அந்த அறையில் இரண்டு ஆண்கள் அவளுடைய உடம்பைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்று பிள்ளை பெற்றவள், அவர்களுக்கு முன்னால் அந்த ஒரு சொல்லைச் சொல்லக் கூசி, மாதா மாதம் அப்படியே ஊருக்குத் திரும்பி வந்திருக்கிறாள். எனக்கு அன்று தெரிந்ததெல்லாம், குட்டு வாங்கிய என் தலை வலிக்கிறது என்பதுதான்.