புல்லுக்குக் கட்டின குழை

மாட்டைப் பாக்கிற உத்தியோகம் எண்டால் சனம் மதிக்கும், காட்டைப் பாக்கிற உத்தியோகம் எண்டால் சனம் பயப்பிடும், புல்லைப் பாக்கிற உத்தியோகம் எண்டால் சனம் சிரிக்கும். நான் பாக்கிறது மூண்டாவது. ‘மேய்ச்சல் தரை உத்தியோகத்தர்’ எண்டு நியமனத்தில வடிவாத்தான் போட்டுக் கிடக்கு. ஆனால் ஜெயபுரத்துக்கு அங்கால காட்டோரக் கிராமங்களில எனக்குப் பேர் ‘புல்லு மிஸ்’. வெளிக்கள உத்தியோகம் பாத்து, வெயிலில கறுத்து, கூட்டத்துக்குக் கூட்டம் பேச்சு வாங்கின சகோதரங்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதிறன். மற்றவை சும்மா வாசிச்சுப்போட்டுச் சிரியுங்கோ.

முதல் கூட்டம்

காலபோகத்துக்கு, அதுதான் மாரி மழைக்கு நெல்லு விதைக்கிற போகத்துக்கு, முந்தி ஊரில ஒரு கூட்டம் வைப்பினம். எப்ப விதைக்கிறது, மாடுகளை எப்ப வயல்வெளியை விட்டு எடுக்கிறது எண்டெல்லாம் அதிலதான் முடிவாகும். வயல்காரர் முன்னுக்குக் கதிரையில இருப்பினம், பட்டி வைச்சு மாடு வளக்கிறவை பின்னுக்கு நிப்பினம். நெல்லு விதைச்சாப் பிறகு அவ்வளவு மாடும் போய் நிக்கிறதுக்கு ஊருக்கெண்டு இருக்கிறது காட்டோரம் கிடக்கிற ஒரேயொரு வெளிதான். நான் வேலைக்கு வந்த நேரம், அதையும் மரமுந்திரிகை நடக் குடுக்கப் போகினம் எண்டு கதை. ஏனெண்டு கேட்டால், "அதில எங்க புல்லு? மொட்டைத் தரை" எண்டு சொல்லிச்சினம்.

மொட்டைத் தரைதான். மழை விழ முளைக்கிறதை விரல் உயரம் வளர முந்தியே மாடு நக்கி முடிச்சால் மொட்டையாத்தானே கிடக்கும்! நான் எழும்பி, ஒரு போகம் தாங்கோ, தரையை ஆறவிட்டால் புல்லு வரும், வராட்டில் நட்டுப்போட்டுப் போங்கோ எண்டு சொன்னன். சரி, முந்தி ஒருக்கா வந்து மொட்டைத் தரையைப் பாத்துப்போட்டுப் போன மாவட்டப் பெரியவர், அறுவடை முடியத் திரும்ப வந்து பாத்து முடிவு சொல்லுவார் எண்டாச்சு. வயல்காரர் சங்கத் தலைவர் நடராசா அண்ணை, குடாநாட்டில இருந்து வந்து குளத்துக்குக் கீழ காணி எடுத்துக் குடியேறின குடும்பம், கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கொண்டு என்னைக் கேட்டார்: "பிள்ளை, புல்லு தன்ர பாட்டில முளைக்கிற சாமான். அதுக்கேன் அரசாங்கம் சம்பளம் குடுத்து ஒரு ஆளை வைச்சிருக்கு?"

லொறி

கூட்டம் முடிஞ்சு வெளியில வர, பின்னுக்கு நிண்ட ஒரு அக்கா என்ர ஸ்கூட்டியடிக்கு வந்தா. சரசு அக்கா. மலையகத்தில இருந்து வந்து இங்க காடு வெட்டிக் குடியேறின ஆக்களின்ர மகள். புருஷன் செத்தாப் பிறகு பட்டி முழுக்க அவவின்ர கையில. ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளின்ர படிப்பும் அந்தப் பாலிலதான் ஓடுது. இந்த வெளி கையை விட்டுப் போனால் காலபோகத்துக்கு மாடுகளை வைச்சிருக்க இடமில்லை. வயலுக்குள்ள போனால் பிடிச்சுக் கட்டுவாங்கள். வித்துத்தான் தீர்க்கவேணும். இறைச்சிக்கு மாடு ஏத்திற லொறிக்காரன் இப்பவே வந்து படலையடியில நிண்டு விலை கேக்கிறானாம்.

உண்மையைச் சொன்னால், அண்டு வரைக்கும் எனக்கு இது வேலை. அவ கதைச்சு முடிய எனக்கு வீம்பு பிடிச்சுது. இந்த வெளியை விட்டுக் குடுக்கிறதில்லை எண்டு அந்த இடத்திலேயே நினைச்சிட்டன். அவ அழேல்லை. முந்தானையால முகத்தைத் துடைச்சுப்போட்டு அமைதியாத்தான் சொன்னா: "லொறில ஏத்துறப்ப ஒவ்வொண்ணும் என்னையத் திரும்பிப் பாக்கும் மிஸ். அதப் பாக்க என்னால ஏலாது."

பலகை

முதல் வேலையா வெளியின்ர நடுவில ஒரு சின்னத் துண்டை முள்ளுக்கம்பியால அடைச்சன். மாட்டின்ர வாய் படாமல் விட்டால் என்ன முளைக்கும் எண்டு ஊருக்குக் கண்ணால காட்டிறதுக்கு. முன்னுக்கு ஒரு தகரப் பலகை, அரசாங்க முத்திரையோட: ‘மாடுகள் உட்செல்லத் தடை.’ எனக்கே பாக்கப் பெருமையா இருந்துது.

அடுத்த கிழமை போறன், பலகையைக் காணேல்லை! கட்டை மட்டும் நிண்டு என்னைப் பாக்குது. ஊர் முழுக்க ஸ்கூட்டியில தேடினன். கடைசியில ஒரு வீட்டுக் கோழிக்கூட்டுக்குக் கூரையா முத்திரை மேல தெரியக் கிடக்கு. எனக்குக் கொதி தலைக்கேறி, இதென்ன வேலை, எழுதினதை வாசிக்கேல்லையோ எண்டு கத்தினன். அந்த வீட்டு அக்கா கோழிக்குத் தீன் போடுறதை நிப்பாட்டாமலே சொன்னா: "வாசிச்சனாங்கள் மிஸ். மாட்டுக்குத்தானே தடை, கோழிக்கு ஒண்டும் போடேல்லையே."

குழை

ரெண்டாவது பலகைக்கு அலுவலகத்தில ஏலாது எண்டிட்டினம். நல்லதாப் போச்சு. மழை தொடங்கிச்சுது. சுத்தவர மொட்டைத் தரை, நடுவில கம்பிக்குள்ள மட்டும் சதுரமாப் பச்சை. ஒருநாள் காலமை போனால் கம்பியில இலையோட முறிச்சுக் கட்டின ஒரு பாலைக் குழை தொங்குது. அடுத்த நாள் மூண்டு. பிறகு பாத்தால் கம்பி தெரியாமல் குழை.

எங்கட பக்கத்தில தேனெடுக்கவோ விறகுக்கோ காட்டுக்குள்ள இறங்கிறவை, வழியில ஒரு குழையை முறிச்சுக் கட்டி, காவல் தெய்வத்திட்டச் சொல்லிப்போட்டுத்தான் போவினம். அது எனக்கும் தெரியும். ஆனால் அதை என்ர புல்லுக்குக் கட்டுவினம் எண்டு நான் கனவிலயும் நினைக்கேல்லை. ஐயோ, இது கோயிலில்லை, புல்லு எண்டு கண்ட கண்ட ஆக்களுக்கெல்லாம் சொன்னன். ஆர் கேட்டது? தேனெடுக்கப் போன ஒரு அண்ணை சைக்கிளை நிப்பாட்டிக் கும்பிட்டுப்போட்டு, என்னட்டக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "விளங்குது மிஸ். உதுகளை வெளியில சொல்லக்கூடாதுதான்."

அரைவாசி

அந்தச் சின்னத் துண்டு போதாது. பெரியவருக்கு வெளி முழுக்கப் புல்லு காட்டவேணும். கணக்கு லேசு: வெளியை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பக்கத்தில மேய்ச்சு, மற்றப் பக்கத்தை ஆறவிட்டு, மழைக்காலத்தின்ர நடுவில பக்கம் மாத்திறது. பட்டிக்காரர் எல்லாரும் "ஓம் மிஸ், ஓம் மிஸ்" எண்டு தலையாட்டிச்சினம். பின்னேரம் வந்து பாத்தால் தலையாட்டின அவ்வளவு பேரின்ர மாடும் ஆறவிட்ட பக்கத்தில நிக்குது. ஆளாளுக்கு மற்றவனைக் காட்டிச்சினம். அவன் விட்டவன், அதுதான் நானும் விட்டனான். அவ்வளவு நீளத்துக்குக் கம்பி அடிக்க அலுவலகத்தில கேட்டன். விழுந்து விழுந்து சிரிச்சினம்.

நான் வரம்பில குந்தியிருந்து தலையில கையை வைச்சன். நான் போட்ட கணக்கெல்லாம் சரி, நடத்திக் காட்ட வழியில்லை. சரசு அக்கா பக்கத்தில வந்து நிண்டு, நடுவில குழை தொங்கின துண்டையும் பாத்து, சுத்தவர நிண்ட மாடுகளையும் பாத்தா. மழைக்கு முளைச்ச எல்லா இடத்திலயும் மேஞ்ச மாடு, அந்தக் கம்பிக்குக் கிட்டவா ஒண்டுகூட நிக்கேல்லை. மாட்டுக்கு என்ன தெரியும்? சாய்ச்சு ஓட்டிற ஆக்கள்தான் பயத்தில விலத்திச் சாய்ச்சுக்கொண்டு போயிருக்கினம். அக்காவின்ர வாயில மெல்லிசா ஒரு சிரிப்பு வந்துது. "மிஸ், அந்தச் சாமிக்கு இன்னும் கொஞ்சம் எடம் குடுத்துருவோமா?"

சாமி இடம் மாறினது

நான் ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. இது புல்லு எண்டுதான் திரும்பவும் சொன்னன். அடுத்த நாள் விடிய, வெளிக்குக் குறுக்கால பத்தைக்குப் பத்தை, கட்டைக்குக் கட்டை, ஒரே நேர்கோட்டில குழை. கட்டினது சரசு அக்கா மட்டுமில்லை, அவ்வளவு பட்டிக்காரரும் சேந்துதான். அவன் விட்டவன், இவன் விட்டவன் எண்ட கதை அண்டையோட முடிஞ்சுது. ஒரு மாடு அந்தக் கோட்டைத் தாண்டேல்லை. கம்பிக்கு அசையாத ஊர் இலைக்கு அசைஞ்சுது!

மழைக்காலம் அரைவாசி போக, பக்கம் மாத்திற நாள் வந்துது. குழை கட்டின பக்கத்துக்குள்ளயே இப்ப மாட்டை விடச் சொன்னால் ஆர் விடுவினம்? பட்டிக்காரர் தயங்கி நிண்டிச்சினம். சரசு அக்கா ஒரு புதுக் குழையை முறிச்சு மற்றப் பக்கத்தில கொண்டுபோய்க் கட்டிப்போட்டு, பஸ் நேரம் சொல்லிற மாதிரிச் சத்தமாச் சொன்னா: "சாமி அந்தப் பக்கம் போயிருச்சு. ஓட்டுங்க மாட்ட."

பெரியவர் வந்த நாள்

அறுவடை முடிஞ்சு பெரியவர் ஜீப்பில வந்தார். நான் முதல்நாள் நித்திரை கொள்ளேல்லை. ஆறவிட்ட பக்கத்தில புல்லு முழங்கால் உயரம், காத்துக்குச் சாயுது. மேய்ச்ச பக்கத்திலயும் தரை தெரியாமல் பச்சை. சரசு அக்கா கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நிண்டா. அவவின்ர முகத்தைப் பாக்க எனக்குப் பயமா இருந்துது. நான் ஒவ்வொரு புல்லின்ர பேராச் சொல்லத் தொடங்க, பெரியவர் கேக்காமல் நேரா உள்ளுக்குக் காலை வைக்கப் போனார்.

"ஐயா! சப்பாத்தைக் கழட்டுங்கோ!" எண்டு ஒரு குரல் இடி மாதிரி விழுந்துது. திரும்பிப் பாத்தால் நடராசா அண்ணை! அந்தப் போகம் முழுக்க அவற்ற வயலில ஒரு மாடு கால் வைக்கேல்லை. விதைக்க முந்தி அவரும் ரகசியமா ஒரு குழை கட்டினவர் எண்டது எனக்குப் பிறகுதான் தெரியும். பெரியவர் திகைச்சுப்போய், "என்ன மிஸ், இது கோயிலோ?" எண்டார். "இல்லை ஐயா, புல்லு" எண்டன். "அவா அப்பிடித்தான் சொல்லுவா" எண்டு நடராசா அண்ணை வெட்டினார். ஊரே அவரோட நிண்டுது. பெரியவர் சப்பாத்தைக் கழட்டி, காலுறையைக் கழட்டி, காற்சட்டையை மடிச்சுக்கொண்டு இறங்கினார். பின்னால வந்த அவ்வளவு உத்தியோகத்தரும் வெறுங்காலோட இறங்கிச்சினம். மொட்டைத் தரை எண்டு சொன்ன ஆக்களின்ர கால் புல்லுக்குள்ள புதையிறதை நான் ஆசை தீரப் பாத்தன். பெரியவர் குனிஞ்சு ஒரு பிடி பிடுங்கி மூக்கில வைச்சு மணந்து பாத்து, திரும்பி வந்து ஜீப் படியில இருந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "போன முறை எனக்குக் காட்டினது வேற காணியோ? சரி, எழுதுங்கோ, மேய்ச்சல் தரையாவே இருக்கட்டும்."

திரும்பவும் லொறி

அதுக்குப் பிறகு ஒருநாள் சரசு அக்கா வீட்டு முத்தத்தில பால்தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தன். படலையடியில லொறி வந்து ஹோர்ன் அடிச்சுது. அவன்தான். என்னக்கா, இந்த முறையாவது ஏத்துவமோ எண்டு இறங்காமலே கேட்டான். அக்கா கைவேலையை விட்டுப்போட்டு எழும்பி, தலைமயிரை இறுக்கி முடிஞ்சுகொண்டு படலைக்குப் போனா. நானும் கோப்பையோட பின்னால போனன், விடுவனா? பட்டி முழுக்க வெளியில மேஞ்சுகொண்டு நிண்டுது; வயிறுகள் ரெண்டு பக்கமும் உப்பிக் கிடந்துது. அக்கா அந்தப் பக்கம் கையைக் காட்டிச் சொன்னா: "அண்ணே, நான் இப்ப விக்கிற ஆளு இல்ல, வாங்குற ஆளு. நல்ல பசுக்கன்னு எங்கயாவது கண்டா இங்க கொண்டாந்து எறக்குங்க."

பட்டம் எடுத்தது புல்லுக்கு, பேர் எடுத்தது பூசாரியெண்டு, சம்பளம் மட்டும் இன்னும் புல்லுக்குத்தான் போடுகினம்.