சேற்றுப் புழுவைச் சாட்சிக்கு அழைத்தவள்

காத்தாயிக்கு மறதி என்பதே கிடையாது. கீழ்வேளூருக்குத் தெற்கே அவள் வாழ்க்கைப்பட்ட ஊரில், கல்யாணமான நாலாம் மாதம், அறுப்புக்கு ஒரு நாழிகை பிந்தி வந்தார் என்று அவள் புருஷன் சாமிதுரையைத் தென்னையில் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்து, சாணியைக் கரைத்துக் குடிக்க வைத்தார் மிராசுதார் தியாகராசன். சாமிதுரை அதைப் பற்றி அப்புறம் வாயே திறந்ததில்லை. காத்தாயியோ இருபத்தைந்து வருஷமாக அதை நினைக்காமல் ஒரு நாளும் படுத்ததில்லை. "சொரணை கெட்ட மனுசன். அவருக்கும் சேத்து நாந்தான் நினைக்க வேண்டியிருக்கு" என்பாள்.

காலம் மாறியது. கழக ஆட்சி வந்தது. குத்தகைதாரரைப் பதிவு செய்யச் சட்டம் வந்து, தியாகராசன் நிலத்தில் காத்தாயி குத்தகைக்கு உழுத மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், அவள் பெயரில் ஏறியது. நில உச்சவரம்பும் வந்தது; தியாகராசன் நாய் பூனை பெயரில்கூட எழுதிவைத்து மிச்சத்தைக் காப்பாற்றிக்கொண்டார் என்று ஊர் சிரித்தது. ஆனாலும் அந்த மூன்று மா அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. அடித்து விரட்டும் காலமெல்லாம் போய்விட்டது. என்ன செய்தார் தெரியுமா? அவள் வயலுக்குப் பாயும் வாய்க்காலின் தலைமாட்டில் அரிசி ஆலை போட்டார். நெல் ஊறிய தண்ணீரையெல்லாம் வாய்க்காலில் திறந்துவிட்டார். நாற்றம் குடலைப் பிடுங்கியது. காத்தாயியின் நடவு வேரழுகிச் செத்தது. அடுத்த போகம் அவள் விதைக்கவில்லை. உடனே, 'நிலத்தைத் தரிசு போட்டுவிட்டாள், குத்தகையை ரத்து செய்ய வேண்டும்' என்று மனுக் கொடுத்துவிட்டார் மகராசன்.

"இந்தாளு மொகத்துல கரி பூசாம என் கட்டை வேகாது" என்றாள் காத்தாயி.

அவளுக்கு ஒரு துப்பு இருந்தது. தஞ்சாவூரில் கல்லூரி ஆசிரியையான ஆனந்தவல்லி, முந்தைய வருஷம் சேற்றுப் புழு ஆராய்ச்சிக்கென்று வந்தபோது, சல்லடையில் சேறு அலசிக் கொடுத்தவள் காத்தாயிதான். நூல் மாதிரி சிவப்புப் புழு. தலையைச் சேற்றில் புதைத்து வாலை மேலே நீட்டி ஆட்டிக்கொண்டே இருக்கும். கீழே தின்று மேலே கழியும்.

"என்ன டீச்சரம்மா, இது தலகீழாவா பொறந்துச்சு?" என்று காத்தாயி கேட்டாள்.

"வாலாலதான் மூச்சு விடுது. இது மண்புழுவுக்குப் பங்காளி, காத்தாயம்மா. கோடிக்கணக்கான வருசத்துக்கு முன்னாடி ரெண்டுக்கும் ஒரே பாட்டன். ஒரு பங்காளி கரையேறிட்டான், இன்னொருத்தன் சேத்துலயே தங்கிட்டான். நம்மள மாதிரி செவப்பு ரத்தம் இருக்குறதால, காத்து ரொம்பக் கொறஞ்ச தண்ணியிலயும் தாக்குப்பிடிக்கும். எல்லா வயல்லயும் கொஞ்சம் இருக்கும், தப்பில்ல. நத்தை, பூச்சியெல்லாம் செத்து இது மட்டும் பாய் விரிச்சாப்ல கெடந்தா, அங்க அழுகல் சேருதுன்னு அர்த்தம்."

மனுவை விசாரிக்க அதிகாரி நேரில் வரத் தேதி குறித்தார்கள். காத்தாயி தஞ்சாவூருக்கு பஸ் ஏறி ஆனந்தவல்லியைக் கையோடு அழைத்து வந்தாள். தியாகராசன் மட்டும் லேசுப்பட்டவரா? பத்து நாள் முன்பே ஆலையை நிறுத்தினார். பண்ணைக் காரியக்காரன் மருதையனை விட்டு வாய்க்காலைத் தூர்வாரினார். மதகைத் திறந்து புதுத் தண்ணீர் விட்டார். அதிகாரி வந்து பார்த்தால் வாய்க்கால் பளிச்சென்று ஓடுகிறது, அடியில் கிடப்பது வெறும் மணல்.

"தண்ணி நல்லாத்தானேம்மா இருக்கு. அப்புறம் ஏன் தரிசு போட்டீங்க?" என்றார் அதிகாரி.

தியாகராசன் மீசைக்குள் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. நல்லவேளை, கூடவே புத்தியும் வேலை செய்தது.

"ஏன் மருதையண்ணே, வாரின வண்டலையெல்லாம் எங்க கொட்டுனீங்க?"

"நல்லாக் கேட்ட போ! வண்டலை எவனாச்சும் வீணாக்குவானா? அத்தனையும் ஐயா நாத்தங்காலுக்கு அடிச்சாச்சு" என்றான் மருதையன் பெருமையாக.

இந்தப் பக்கத்து மனுஷனுக்கு வாய்க்கால் வண்டல் என்றால் தங்கம். அதைத் தூக்கி எறி என்று சொல்ல முதலாளிக்குத் தோன்றவில்லை. சொல்லியிருந்தாலும் காரியக்காரனுக்குக் கை வந்திருக்காது. தியாகராசனின் முகம் சுண்டிவிட்டது.

எல்லோரும் நாற்றங்காலுக்கு நடந்தார்கள். அடேயப்பா! இளநாற்றுக்கு நடுவே சேறே சிவந்து கிடந்தது. காத்தாயி வரப்பை ஓங்கி மிதித்தாள். சிவப்பு பொசுக்கென்று உள்ளே போனது. சற்றுப் பொறுத்ததும் வாலாட்டிக்கொண்டு மறுபடி மேலே வந்தது. ஆலைக்கு மேற்புறத்துச் சேற்றையும் இதையும் ஆனந்தவல்லி இரண்டு தட்டில் அலசிக் காட்டினார். அதில் நத்தை, பூச்சி, புழு எல்லாம் இருந்தன. இதில் புழுவைத் தவிர ஒன்றுமில்லை.

"தண்ணிய மாத்திட்டீங்க. சேத்த எங்க கொண்டுபோய் ஒளிப்பீங்க?" என்று காத்தாயி தியாகராசன் முகத்துக்கு நேரே கேட்டாள். அதிகாரி எழுதிக்கொண்டார். மனு தள்ளுபடியானது. ஆலைத் தண்ணீரை வாய்க்காலில் விடக் கூடாது என்றும் உத்தரவு வந்தது.

அவள் அத்தோடு ஆறவில்லை. தியாகராசனின் நாற்றங்காலும் தேறவில்லை. அழுகல் ஒரு பக்கம், புழு கிளறிய கிளறலில் சேறு கூழாய்ப் போனது ஒரு பக்கம், நாற்று வேர் பிடிக்காமல் மிதந்தது. மறுவிதை விட நாளில்லை. காத்தாயியோ எப்படியும் ஜெயிப்பேன் என்று அடம்பிடித்து, ஆலைக்கு மேற்புறம் தன் தம்பி நிலத்தில் முன்னமே நாற்று விட்டிருந்தாள். அவள் நடவு முடிந்தும் பாதிக்கு மேல் மிச்சம் நின்றது. காவிரிக் கரையில் நாற்றுக் கேட்டு வந்தவரை இல்லையென்று அனுப்புவது பாவம். பகையாளிக்கும் கொடுப்பார்கள்.

மருதையன் வந்து கேட்டான். "உங்க ஐயாவையே வரச் சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பினாள்.

அந்த நாற்றங்கால் வரப்புக்கே வந்தார் தியாகராசன். "காத்தாயி, நாத்து மிச்சமிருந்தா குடு."

"அவருகிட்ட கேளுங்க" என்று புருஷனைக் காட்டினாள். இந்த மனுஷன் இளகிப்போய்க் கொடுத்துத் தொலைப்பார் என்று அவளுக்குத் தெரியும். கொடுத்தாலும் போகட்டும், மிராசுதார் இவர் முன்னால் ஒரு தடவை கைகட்டி நிற்கட்டும் என்றுதான் நினைத்தாள்.

தியாகராசன் அவர் பக்கம் திரும்பினார். "சாமிதுரை… கொஞ்சம் நாத்து குடுங்க."

சாமிதுரை அவரை நிமிர்ந்து பார்த்தார். "நாத்து இல்லீங்க."

"இந்தா, கண்ணு முன்னால நிக்குதே?"

"அது ஆட்டுக்கு வச்சிருக்கு."

காத்தாயி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷம் இவரும் ஒன்றையும் மறக்கவில்லை! சாமிதுரை நிதானமாகக் குனிந்து, வரப்பில் கட்டியிருந்த ஆடுகளை அவிழ்த்து நாற்றுக்குள் விரட்டினார். தியாகராசன் பார்த்துக்கொண்டே நிற்க, அவை மேய ஆரம்பித்தன.